விடுப்பில் போன மெமரி கார்டு

வழியோர வணிகர் ஒழுங்குபடுத்தல் கிளை அலுவலகம், பட்டாபிராமில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் சீரும் சிறப்புமாக நடந்து வந்தது. தள்ளுவண்டிக்காரர்களைப் படம் எடுத்து அடையாள அட்டை கொடுப்பது அதன் ஒரே வேலை. அதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் அது குறைவில்லாமல் செய்தது.

நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசலில் ‘ஐந்து நிமிடத்தில் பாஸ்போர்ட் போட்டோ’ என்று பலகை மாட்டி வண்டி போட்டிருந்த கஜபதிக்கும் அந்த அட்டை வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அட்டை வாங்காத வண்டிகளை லாரியில் ஏற்றிவிடுவார்களாம். இருபத்திரண்டு வருஷமாக ஊரையே “கண்ணைச் சிமிட்டாதீங்க” என்று மிரட்டிப் படம் எடுத்தவர், போன வாரம் முகாமில் நாற்பத்தேழாவது ஆளாக நின்று அரசாங்கக் கேமராவுக்கு முகத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

புதன்கிழமை அட்டை வாங்கப் போனார். மெமரி கார்டைப் படிக்க முடியவில்லை என்று கேமராத் திரையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை மட்டும் ஐந்து ஊழியர்கள் சுற்றி நின்று மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதுக்கா சார் இம்மாம் கூட்டம்? கார்டை வெளிய எடுங்க. பின்னாடி மஞ்சளா பட்டை பட்டையா கீது பாருங்க, அத்த ரப்பர்ல லேசா தேச்சிப் போடுங்க. அழுக்குப் புடிச்சா அப்டித்தான் மக்கர் பண்ணும்.”

உதவி அலுவலர் கார்த்திகேசன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ரப்பர் எழுதுபொருள் செலவுத் தலைப்புல வாங்கினது. கேமரா மின்னணுத் தலைப்பு. ஒரு தலைப்புப் பொருளை இன்னொரு தலைப்புப் பொருள் மேல எப்படிய்யா தேய்க்கிறது?”

“அப்ப இன்னொரு தபா என்னைப் படம் எடுத்துக்குங்க சார்.”

எழுத்தர் லாவண்யா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். “உங்க பேருக்கு நேரா ‘படம் எடுக்கப்பட்டது’ன்னு இருக்குண்ணே. மறுபடி எடுத்தா கணக்குல நீங்க ரெண்டு பேர் ஆயிடுவீங்க.”

“அப்ப நான் இப்போ எங்க கீறேன்?”

“கார்டுக்குள்ள.”

இந்தக் காலத்தில் ஆலோசகரைக் கேட்காமல் எந்த அலுவலகமும் தும்முவதுகூட இல்லை. மறுநாள் வானகரத்திலிருந்து ‘டிஜிட்டல் நல்வாழ்வு ஆலோசகர்’ அஜித்குமார் வந்திறங்கினார். உச்சியில் குடுமி, கழுத்தில் மரமணி, கையில் மண்குவளை நிறைய ஏதோ பச்சைத் தண்ணீர். கேமராவை அவர் திறக்கவே இல்லை. அதன் முன் சம்மணம் போட்டு, பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சு விட்டார்.

“பர்ன் அவுட்,” என்றார். “தொடர்ந்து கவலைப்பட்ட முகமாவே பதிவு பண்ணியிருக்கு. பாவம், தாங்கல. பதினஞ்சு நாள் ஓய்வு குடுங்க.”

அலுவலகமே உருகிப் போனது. ஓய்வின் அருமை தெரிந்தவர்கள் அல்லவா! ‘பணியின் நிமித்தம் சோர்வுற்ற மேற்படி மெமரி கார்டுக்குப் பதினைந்து நாட்கள் மருத்துவ விடுப்பு வழங்கி ஆணையிடப்படுகிறது’ என்று கார்த்திகேசன் கையெழுத்திட்டார். கேமராவைக் காற்று வாங்கும்படி ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் ‘அமைதி காக்கவும்’ என்று அட்டை வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஊழியர்கள் சாப்பிடப் போனார்கள். கஜபதி உள்ளே நுழைந்தார். லாவண்யாவின் மேஜையிலிருந்த ரப்பரை எடுத்தார், கார்டை உருவி நாலு தேய் தேய்த்தார், துடைத்துக் கேமராவில் போட்டார். அவ்வளவுதான். நாற்பத்தேழு முகமும் வரிசையாகத் திரையில் வந்து நின்றன.

படிக்கட்டில் காத்திருந்த வண்டிக்காரர்கள் ஓடிவந்தார்கள். “அண்ணாத்தே, நீதான்யா நெசமான ஆபீசரு!” என்று கீரைக்கார ஜெகதாம்பாள் அவருக்குத் திருஷ்டி கழித்தாள்.

கார்த்திகேசன் கை ஈரத்தோடு வந்தார். “மருத்துவ விடுப்புல இருக்கிற கார்டை யார் வேலை வாங்கினது?”

கஜபதி ரப்பரை மேஜையில் வைத்தார்.

“விடுப்புக் காலத்துல அது காட்டின படம் எதுவும் செல்லாது. நாற்பத்தேழும் ரத்து.”

ஜெகதாம்பாள் கஜபதி பக்கம் திரும்பினாள். “உன்னை யாருய்யா நோண்டச் சொன்னது? சும்மா கெடந்த கார்டைத் தொட்டு எங்க பொழப்புல மண்ணைப் போட்டியே!” மற்றவர்களும் அவரையே பிடித்துக்கொண்டார்கள். அலுவலரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கார்த்திகேசன் பெருந்தன்மையோடு கையைத் தூக்கினார். “கவலைப்படாதீங்க. அடுத்த மாசம் புது முகாம். அதுவரை உங்க வண்டிங்க எல்லாம் நம்ம வளாகத்துலயே பத்திரமா இருக்கும். லாரியை நாங்களே அனுப்பிட்டோம்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அலுவலருக்குப் போர்த்த யாரோ சால்வை வாங்கி வந்தார்கள். வாசலில் குழுப்படம் எடுக்க முடிவானது. ஆனால் அலுவலகக் கேமராதான் மறுபடியும் விடுப்பில் இருந்ததே! நாற்பத்தாறு விரல்களும் கஜபதியைக் காட்டின.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். பழகிய கை, தோளில் தொங்கிய சொந்தக் கேமராவைத் தானாகத் தூக்கியது.

“குள்ளமா கீறவங்க முன்னாடி வாங்க. சார், தாடையைத் தூக்குங்க. யாரும் கண்ணைச் சிமிட்டாதீங்க.”

படம் பிரமாதமாக வந்தது. பின்னால் வளாகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த லாரியும், அதன் மேல் ‘ஐந்து நிமிடத்தில்’ பலகையும்கூடத் தெளிவாக விழுந்திருந்தன.

“சபாஷ்! இன்னைக்கே பிரிண்ட் வேணுமே,” என்றார் கார்த்திகேசன்.

“பிரிண்டர் என் வண்டியில கீது சார். வண்டி உங்க லாரியில கீது.”

“அதுக்கென்ன? அடையாள அட்டையைக் காட்டிட்டு எடுத்துக்கோங்க.”