அப்பா எடை பார்த்து வாங்கிய மட்டை

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். "உனக்கு எவ்வளவு தெரியும்?" என்று யாராவது கேட்டால், தெரிந்ததைப் போல நாலு மடங்கு தெரியும் என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். (மூளைக்குத் தகவல் பிறகுதான் போகும்.) எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த வாயால்தான் நான் மெட்ராஸ் கடலைப் பார்க்காமல் போனேன்.

அப்போது ஆரணியிலிருந்து பஸ்ஸில் வேலூருக்குப் போய் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். டேபிள் டென்னிஸ் ஆட ஆரம்பித்து ஆறு மாதம். பந்து மேஜைமேல் விழுந்தால் எனக்கே ஆச்சரியமாக இருந்த காலம். ஆனாலும் மெட்ராஸ் போட்டிக்குப் போகும் கல்லூரி அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. தேர்வு ஆட்டம் ஒன்றே ஒன்று, ஜெயித்தால் மெட்ராஸ். பத்தொன்பது வயது வரை கடலையே பார்க்காதவள் நான்; அந்த ஆசையில் சோறு இறங்கவில்லை. "டீம்ல எடுத்தா போய்ட்டு வா" என்று அப்பாவும் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயமில்லை.

"உன் ஆட்டத்துக்குத் தகுந்த பிளேடா பாத்து வாங்கிக்க" என்றார் விளையாட்டு மிஸ். பிளேடு என்றால் மட்டையின் மரப்பகுதி. ரப்பரைத் தனியாக வாங்கி ஒட்ட வேண்டும். அதுவே எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் ஆட்டம் எது என்பது அன்றைக்கும் தெரியவில்லை.

அப்பாவுக்குப் பட்டுச்சேலை வியாபாரம். சேலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் தூக்கினாலே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். பிறகு தராசில் வைத்தால் அதுவேதான் இருக்கும். அந்தக் கையை நம்பி இரண்டு பேரும் வேலூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம்.

கடைக்கார பாய் நிதானமானவர்.

"எவ்ளோ நாளா ஆடற பாப்பா?"

"ரெண்டு வருஷமா." (ஆறு மாதம்.)

"அடிச்சி ஆடுவியா, தடுத்து ஆடுவியா?"

"ரெண்டும்." (இரண்டும் இல்லை.)

"எங்க, ஒரு வாட்டி கைய வீசிக் காட்டு."

காட்டினேன். பாய் மூன்று பிளேடுகளை எடுத்து வைத்து, இருப்பதிலேயே லேசானதை என் பக்கம் தள்ளினார்.

"இது மெதுவா போவும். லேசா இருக்கறதால நல்லா கண்ட்ரோல் இருக்கும். உனக்கு இதான் சரி. அதோ, அது கனம். பந்து பறக்கும். நல்லா பழகினவங்களுக்கு அது."

மட்டை என்றால் வேகமாக அடிக்கத்தானே? மெதுவாகப் போவது எப்படி நல்லதாகும்? எனக்கு எது சரி என்று இவருக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியாதபோது?

அப்பா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "தெரியாதவங்க வந்தா லேசான சரக்கைத் தள்ளி வுடறது வழக்கம்மா. எங்க தொழில்ல தெனம் பாத்துகினுதான இருக்கேன். வெயிட்டு கம்மின்னா பட்டு கம்மி."

"இது மரம்ப்பா."

"மரம்னா இன்னா? அதுக்கும் வெயிட்டு இருக்குதில்ல?"

அப்பா மூன்றையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கடைசியில் கனமானதை நீட்டி, "இதுக்கு ரப்பர் ஒட்டிக் குடுங்க பாய்" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். "பாப்பா, நெசமாவே ரெண்டு வருஷமா?"

தப்பிக்க எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது.

"ரெண்டரை" என்றேன்.

தேர்வு ஆட்டத்தில் எனக்கு எதிரே நின்றவள் ஆம்பூர்ப் பெண். ரப்பர் ஓரம் பிய்ந்த பழைய மட்டை வைத்திருந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது. அப்பா வேறு வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் பந்தைத் தொட்டேன். தொட்டதோடு சரி, சுவரில் போய் மோதியது. அடுத்ததை மெதுவாகத் தட்டினேன், ஜன்னலுக்குப் போனது. அதைவிட மெதுவாகத் தட்டினேன், மின்விசிறியில் பட்டு மிஸ்ஸின் மடியில் விழுந்தது. பந்து போன வேகத்துக்கு மேஜையை ஆரணியிலிருந்து சேவூர் வரை நீட்டிப் போட்டிருக்க வேண்டும். மணிக்கட்டு வலித்தது, மண்டை குழம்பியது. சர்வீஸ் போட வேண்டியது நானா, அவளா என்று நடுவரிடம் கேட்டேன்.

"ஆட்டம் முடிஞ்சிடுச்சும்மா" என்றார்.

21–4, 21–3. அந்த ஏழு புள்ளிகளில் ஐந்து, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் வலையில் அடித்தவை.

கடல் போச்சு. அப்பா எழுந்து வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி நேராக அந்தப் பெண்ணிடம் போனார்.

"அந்த மட்டையக் கொஞ்சம் குடும்மா."

உள்ளங்கையில் வைத்துத் தூக்கினார். இன்னொரு தரம் தூக்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை நான் பார்த்ததே இல்லை. பிறகு, என்னை அப்போதுதான் துவைத்துப் போட்டிருந்தவளிடம், உண்மையான இரக்கத்தோடு கேட்டார்:

"இவ்ளோ லேசா கீதே. யாரும்மா இத உன் தலையில கட்டினது?"

"பாய் கடையிலங்க. எனக்கு இதான் சரின்னு அவரே பாத்துக் குடுத்தாரு" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில், கண்ணமங்கலம் தாண்டும்போது அப்பா மடியிலிருந்த மட்டையை ஒரு தரம் தூக்கிப் பார்த்து, "சரக்கு நல்ல சரக்குதான்" என்றார். அப்போதுதான் ஆறு மாத உண்மையைச் சொன்னேன். அவர் என்னையும் ஒரு தரம் எடை பார்ப்பது போலப் பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் அளந்து விட்டாலும், "ரெண்டரையா?" என்று ஒரு குரல் வரும்.

நாலு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தவர், பலமாகக் காற்றடித்தால் சாய்ந்துவிடுவார் போல ஒல்லி. "ரொம்ப லேசா இருக்காரே" என்று அப்பா இழுத்தார்.

"லேசா இருந்தாதான் கண்ட்ரோல் இருக்கும். பேஜார் பண்ணாம முடிங்க" என்றாள் அம்மா.

முடித்தார்கள். கல்யாணமான முதல் மாதமே அவர் என்னை மெட்ராஸுக்குக் கூட்டிப் போனார். கடலைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவர் கேட்டார்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியும். ரெண்டரை வருஷமா" என்றேன்.

அடுத்த அலையில், அப்பா எடை பார்த்துக் கொடுத்த கல்யாணப் பட்டோடு குப்புற விழுந்தேன்.