குடிபூரலுக்குப் போகாமலிருக்க ஒரு வாதம்

உரும்பிராய் தியாகலிங்கம் மாஸ்டர் இணுவிலுக்குப் போவதில்லை என்று ஞாயிறு காலை ஏழே காலுக்குத் தீர்மானித்தார். காரணம் கோபமல்ல, அளவையியல். அந்தத் தர்க்கப் பாடத்தை உயர்தர வகுப்புக்கு முப்பத்தோராண்டு கற்பித்து ஓய்ந்தவர், கோபத்தைக்கூட முதலில் எடுகூற்று, அதிலிருந்து முடிவு என்று வரிசைப்படுத்தித்தான் கொள்வார்.

பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த மனைவி பத்மாசினியிடம் அதை விளக்கினார்.

"மதிக்கிற ஆக்கள் நேரை வந்து சொல்லுவினம். உம்மடை அக்கா புதுவீட்டுக் குடிபூரலுக்கு வாட்ஸ்அப்பிலை ஒரு அழைப்புக் காட்டை அனுப்பிப்போட்டுக் கீழை ஒரு கும்பிடு போட்டிருக்கிறா. ஆகவே அவ என்னை மதிக்கேல்லை. ஆகவே நான் வாறேல்லை."

அக்கா செல்வநாயகி இருபது வருடம் வாடகை வீடுகளில் குடியிருந்தபின் இணுவிலில் கட்டிய வீடு அது. வியாழக்கிழமை பால் காய்ச்சுகிறாள். புருசனில்லாமல் தங்கை மட்டும் போய் நின்றால், பால் பொங்குவதற்குள் இருவரும் பிரிந்துவிட்டார்களாம் என்ற செய்தி லண்டனுக்குப் போய்த் திரும்பிவிடும்.

பத்மாசினி வாதாடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து மாஸ்டர் ஐந்து மறுப்புகளைத் தயாராக வைத்திருந்தார். அவளோ, "ஓம், சரியாத்தான் கிடக்கு. அக்காவுக்குச் சொல்லிவிடுறன்" என்று போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். ஐந்து மறுப்பும் வீணாயின.

திரும்பி வந்தவள் தொடர்ந்து பயற்றங்காயை முறித்தாள். பத்து நிமிடம் பொறுத்தார். பிறகு, அக்கா என்ன சொன்னா என்று அக்கறையில்லாதவர்போலக் கேட்டார். அவள் ஒன்றுமில்லை என்றாள். மறுபடி கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"அவ பிழையா ஒண்டும் சொல்லேல்லை. மாஸ்டர் வராட்டில் நல்லதாப் போச்சு, வாழ்த்துரை இல்லை, சனத்துக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடலாம் எண்டா."

மாஸ்டர் வாழ்த்தப் புறப்பட்டால் சோறு ஆறிவிடும் என்பது வலிகாமம் முழுக்க அறிந்த விசயம். அதை ஒருத்தி வாய்விட்டுச் சொல்வது வேறு விசயம். அவருக்குள் இரண்டாவது வாதம் எழுந்து நின்றது.

"என்னைப் பிடிக்காத ஆக்களுக்கு நான் நிம்மதி குடுக்கிறேல்லை. நான் போகாட்டில் அவவுக்கு நிம்மதி. ஆகவே போறன்."

"விடுங்கோ. வரமாட்டார் எண்டு சொல்லியாச்சு."

"அதாலைதான் போறன்."

பத்மாசினி பெருமூச்சு விட்டாள். அலுமாரியைத் திறந்து, இருவர் பெயரும் எழுதி ஒட்டிய பரிசுப் பொதியை எடுத்து மேசையில் வைத்தாள். அது எப்போது எழுதப்பட்டது என்று அளவையியல் கேட்கவில்லை.

வியாழன் காலை இணுவில் வீட்டு வாசல் படலையில் செல்வநாயகி கைத்தடியுடன் நின்றாள். முழங்கால் வீங்கியிருந்தது.

"வாங்கோ மாஸ்டர். நேரை வந்து சொல்லக் கால் விடேல்லை. கோவத்திலை வராமல் விட்டிடுவியளோ எண்டு நாலு நாளா நித்திரையில்லை. நீங்கள் வாழ்த்தாமல் என்ரை வீட்டிலை ஒருத்தருக்கும் இலை போடமாட்டன்."

மாஸ்டர் மெல்ல மனைவி பக்கம் சாய்ந்தார்.

"அப்ப, அண்டைக்கு அவ அப்பிடிச் சொல்லவேயில்லையோ?"

"நான் அவவுக்குப் போன் எடுத்தாத்தானே," என்றாள் பத்மாசினி, சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி. "எடுகூற்று பொய்யெண்டாலும் முடிவு சரியா வரலாம். விறாந்தையிலை நீங்கள் எடுத்த வகுப்பு குசினிக்கும் கேட்டது."

மாஸ்டர் அவள் வாதத்தில் போலியை, ஒரு தர்க்கப் பிழையைத் தேடினார். இருக்கவில்லை.