மூன்று முறை கேட்ட மதகு

ஒரு காட்டில், சிங்கராஜா வேட்டையை விட்டுவிட்டு நிர்வாகத்தில் இறங்கிய புதிதில், ஏரி மதகுகளைத் திறந்து மூட ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. படம் கிடையாது, பளபளப்பு கிடையாது. வெறும் கறுப்புத் திரை. 'வடக்கு மதகு திற' என்று எழுத்தில் தட்டினால் வடக்கு மதகு திறக்கும், அவ்வளவுதான். அதற்கு நிரல் எழுதியது தூக்கணாங்குருவி. தட்டுகிற உத்தியோகம் கரடியாருக்கு. ஏன் கரடியாருக்கு என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் ராஜாவின் மச்சானுக்கு வேண்டப்பட்டவர்.

வந்த வாரமே கரடியார் வடக்கு என்பதற்குப் பதில் கிழக்கு என்று தட்டிவிட்டார். காட்டுப்பன்றியின் கிழங்குக் கொல்லை முழுக்கத் தண்ணீர். பன்றி போட்ட கூச்சலில் ராஜா குருவியைக் கூப்பிட்டு, "இனிமே திறக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கட்டும்" என்றார்.

குருவியும் அப்படியே செய்தது. எதைத் தட்டினாலும் திரை, 'திறக்கட்டுமா?' என்று கேட்கும். சம்மதமென்றால் 'ம்' என்று தட்டினால் போதும். அங்கேதான் வந்தது வினை! அந்தக் காட்டு ஜனங்கள் பிறந்ததிலிருந்தே கதை கேட்டு 'ம்' கொட்டி வளர்ந்தவர்கள். எதிரே இருப்பவர் வாயைத் திறந்தாலே இவர்களுக்கு 'ம்' வந்துவிடும். தூக்கத்தில்கூடக் கொட்டுவார்கள். கரடியாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திரை கேட்டு முடிப்பதற்குள் 'ம்' விழுந்திருக்கும்.

தெற்கு மதகுக்குக் கீழே ஒரு வளையில் கீரியம்மா குடியிருந்தாள். அவளுக்கு இரண்டு பச்சைக் குட்டிகள். பன்றி பட்ட பாட்டை அவள் பார்த்திருந்தாள். குருவியிடம் ஓடினாள்.

"தம்பி, அந்தக் கரடியண்ணன் என்னத்தத் தட்டுறாருன்னு அவருக்கே தெரியல. என் குட்டிங்க இன்னும் கண்ணே திறக்கல. ஏதாச்சும் பண்ணுப்பா."

"கவலைய விடுங்கக்கா. மூணு தடவ கேக்க வச்சிடறேன். கீழ யாரு இருக்காங்கன்னு பேரச் சொல்லியே கேக்கும்."

நல்ல மனசு குருவிக்கு. சொன்னபடி செய்தது. அன்றைக்குத்தான் கீரியம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

கரடியார் முதலில் முணுமுணுத்தார். "ஒரு வேலைய மூணாக்கிட்டான்! சம்பளத்த மட்டும் ஏத்த மாட்டான்." பிறகு விரல் பழகிவிட்டது. ம், ம், ம். ஒரே மூச்சு.

ஒரு நாள் மத்தியானம் நாரைகள் வந்து வடக்குக் குட்டைக்குத் தண்ணீர் கேட்டன. கரடியாருக்கு ஒரு கையில் தேனடை. மறு கையால் தெற்கு என்று தட்டினார்.

'தெற்கு மதகைத் திறக்கட்டுமா?'

ம்.

'கீழே கீரிக்குட்டிகள் இருக்கின்றன. திறக்கட்டுமா?'

ம்.

'குட்டிகள் மூழ்கிவிடும். உண்மையாகவே திறக்கட்டுமா?'

ம்.

தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. கீரியம்மா ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். அதை விட்டுவிட்டு இன்னொன்றுக்காகத் திரும்பி வந்தால் வளையே இல்லை. இருட்டும்வரை கரையில் கூப்பிட்டுக்கொண்டே திரிந்தாள். அதைக் கேட்ட யாருக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விசாரணை.

"நீ கேட்டியா?" என்றார் ராஜா.

"மூணு தடவ கேட்டேன் ராஜா" என்றது குருவி.

"நீ பதில் சொன்னியா?"

"மூணு தடவயும் ம் சொன்னேன் ராஜா" என்றார் கரடியார்.

கீரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன கேட்டுச்சுன்னு படிச்சீங்களா அண்ணே?"

"படிக்கறதா? நல்லா இருக்கே கத! அதெல்லாம் படிச்சா வேல ஓடுமா?"

ராஜா தலையை ஆட்டினார். "பாவம், படிக்கவே இல்லயாம். தெரியாம நடந்ததுக்கு யாரு என்ன பண்ண முடியும்? கேக்க வேண்டியது கேட்டாச்சு, சொல்ல வேண்டியது சொல்லியாச்சு. நடைமுறையில ஒரு குறையும் இல்ல. நீ ஏம்மா பள்ளத்துல போய்க் குடியிருந்தே? குருவி, எதுக்கும் நாலாவதா ஒரு கேள்வியச் சேத்துடு."

குருவி உடனே சேர்த்துவிட்டது. கரடியார் சாப்பிடக் கிளம்பினார்.

கீரியம்மா நேரே கறுப்புத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். 'மேற்கு மதகு திற' என்று தட்டினாள்.

'மேற்கு மதகைத் திறக்கட்டுமா?'

படித்தாள். ம்.

'கீழே சிங்கராஜாவின் குகை இருக்கிறது. திறக்கட்டுமா?'

எழுத்தெழுத்தாகப் படித்தாள். ம்.

'ராஜா நனைந்துவிடுவார். உண்மையாகவே திறக்கட்டுமா?'

ம்.

'நன்றாக யோசித்தீர்களா?'

யோசித்தாள். வராமல் போன குட்டியை யோசித்தாள். ம்.

பிடரியெல்லாம் ஒட்டிப்போய், பல் கிடுகிடுக்க வந்து நின்றார் ராஜா.

"திரையில என்ன கேட்டுச்சுன்னு படிச்சியா?"

"ஒரு எழுத்து விடாமப் படிச்சேன் ராஜா."

"படிச்சுமா தட்டினே?"

"படிச்சதுனாலதான் தட்டினேன்."

"அடிப்பாவி! தெரிஞ்சே செஞ்சிருக்கா!" என்று ராஜா கர்ஜித்தார். அந்த நிமிஷமே கீரியம்மாவைக் காட்டைவிட்டுத் துரத்தினார்கள். மிச்சமிருந்த குட்டியைக் கவ்விக்கொண்டு அவள் எல்லையைத் தாண்டினாள். மேற்கு மதகை மூடச் சொல்லிக் கரடியாருக்கு ஆள் அனுப்பினார்கள்.

நீதி: படிக்காமல் 'ம்' சொன்னால் கைத்தவறு, படித்துவிட்டுச் சொன்னால் ராஜத்துரோகம். ஆகவே குழந்தைகளே, எதையும் படிக்காதீர்கள்.