பன்னிரண்டு பேருக்கு ஒரே நெஞ்சு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். இந்தச் சொல்லை வழக்கம்போல் கை போன போக்கில் எழுதாமல், இந்த முறை யோசித்தே எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும் அத்தையும் உங்கள் மகளும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்திய பழக்கத்தில், போன வாரம் நான் அனுப்பிய கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் 'விஷயம் விளங்கவில்லை' என்று குறித்துத் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். விளங்காதது உங்கள் குற்றமல்ல மாமா. விளங்கிவிடக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். இந்த முறை எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் உங்கள் மகளையும் குட்டியையும் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியின் நெஞ்சு நோய்ப் பிரிவில், எக்ஸ்ரே அறையில் என்பது உங்களுக்குத் தெரியும். காசநோய்க்காரர்கள் நாள் முழுவதும் வந்து போகிற இடம். அது எங்களையும் ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க, அந்தப் பிரிவில் இருக்கும் பன்னிரண்டு பேரும் வருடத்துக்கு ஒரு முறை நெஞ்சைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியைச் சுவரில் ஒட்டியும் இருக்கிறார்கள். ஆனால் ஆள் வரவேண்டுமே. தலைமை நர்ஸம்மாவுக்கு நேரமில்லை. மருந்து கொடுப்பவர், எடுத்தால் ஏதாவது இருந்து தொலைக்கும், எடுக்காவிட்டால் ஒன்றும் இருக்காது என்ற கொள்கையுடையவர். சளிக் கோப்பைகளைச் சேகரித்துப் போகும் அக்காவுக்குக் கூச்சம். வாசல் காவலர் பயில்வான் ஒருவர்தான் வந்தார், அதுவும் அடையாள அட்டைக்குப் புகைப்படம் எடுக்கிறார்கள் என்று நினைத்துத் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். நான் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். எக்ஸ்ரே என்பது ஒருவர் தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்க, இன்னொருவர் தடுப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துகிற வேலை. அந்த அறையில் இருபத்திரண்டு வருடமாக நான் ஒரே ஆள்.

வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு படமும் வந்தாக வேண்டும் என்று பெரிய டாக்டர் ஆள் விட்டார். போன வருடத்துப் படங்களையே தேதி மாற்றி வைத்துவிடுகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், அவர்களும் நிம்மதியாகப் போனார்கள். உட்கார்ந்து தேடினால், பழைய கம்ப்யூட்டரை மாற்றியபோது படங்களும் அதோடு போய்ச் சேர்ந்திருந்தன. கையில் இருந்தது பயில்வானின் நெஞ்சு ஒன்றுதான். நல்ல அகலமான நெஞ்சு, பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். அதையே பதினோரு தடவை நகல் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன், என் பெயர் உட்பட. நர்ஸம்மாவுக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒரு நிமிடம் தயங்கினேன், ஆனால் அவர் வார்டில் அதட்டுவதைக் கேட்டவர்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். மற்ற வருடங்களில் என் பெயரில் யார் படம் போனது என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வருடமும் அந்தப் படங்களை யாரும் திறந்து பார்த்ததில்லை என்பதுதான் என் தைரியம்.

இந்த வருடம் புதிதாக ஒரு சின்ன டாக்டரம்மா வந்திருக்கிறார். அவருக்குப் படங்களைப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. முதல் படத்தில் வலது பக்கம் கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு நிழல் தெரிந்திருக்கிறது. இரண்டாவதில் அதே இடத்தில் நிழல். மூன்றாவதில் எழுந்து நின்றுவிட்டாராம். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பேரின் பெயரும் பலகையில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இருப்பே இல்லை என்று ஸ்டோர்க்காரர் மூன்று வருடமாகச் சொல்லிவந்த உயர்ந்த ரக முகக்கவசங்கள் பூட்டிய பீரோவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன, அவரே ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டார். ஏ.சி. காற்று போய்விடக் கூடாது என்று பெயிண்டால் ஒட்டிப்போட்டிருந்த ஜன்னலை நாலு பேர் கடப்பாரையோடு வந்து கண்ணாடியோடு சேர்த்துத் திறந்தார்கள். சளி எடுக்கும் அறையில் சத்தம் போடுகிறது என்று அட்டை சொருகி நிறுத்திவைத்திருந்த காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. கேன்டீனில் எங்கள் பன்னிரண்டு டம்ளர்களுக்கும் நகப்பூச்சால் பொட்டு வைத்தார்கள். மருந்து கொடுப்பவர், போன வருடப் படத்திலேயே நிழல் என்றால் ஒரு வருடமாக உள்ளே வளர்ந்திருக்கிறதே என்று கணக்குப் போட்டு, மத்தியானத்திலிருந்து இரும ஆரம்பித்துவிட்டார். பத்து வருடமாக மனுப் போட்டும் நடக்காத பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் என் ஒரு திருட்டு வேலையில் ஒரே நாளில் நடந்துவிட்டது மாமா.

மருந்து கொடுப்பவரின் மனைவிதான் உங்கள் மகளுக்குப் போன் செய்தது. நான் வீட்டுக்குள் நுழைவதற்குள் உங்கள் மகள் வாசலிலேயே நிறுத்தி, "உங்களுக்கு இருக்கா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்று கேட்டாள். நான், "எனக்கு இல்ல. ஆனா எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காத" என்றேன். இதை எந்த மனைவி ஏற்றுக்கொள்வாள். குட்டியின் துணிகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். குட்டி ஆட்டோவிலிருந்து கை காட்டியது. பக்கத்தில் போகலாமா கூடாதா என்று தெரியாமல் நானும் தூரத்திலிருந்தே கை காட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மாமா, அந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

இதற்கு மேலும் மூடி மறைத்திருப்பேன். அந்த அக்காதான் கெடுத்தது. அடுத்த நாள் கோப்பைகளைக் கழுவப் போகாமல் என் அறை வாசலில் வந்து நின்று, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டதாகச் சொன்னது. அழவில்லை. "என் படத்த ஒரு தடவ காட்டுங்க தம்பி. எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டுப் போறேன்" என்றது. காட்ட என்னிடம் அதன் படம் எங்கே இருக்கிறது. நேரே சின்ன டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பன்னெண்டு பேருக்கும் மூணாவது விலா எலும்பு ஒரே இடத்துல உடைஞ்சு சேர்ந்திருக்கு. எல்லாரும் ஒண்ணா மாடியிலேர்ந்து விழுந்தீங்களான்னு கேக்கலாம்னு இருந்தேன்" என்றார். நானாக வருகிறேனா என்று ஒரு நாள் பொறுத்துப் பார்த்தாராம். பயில்வானின் சளியையும் சோதித்தாகிவிட்டது, அது சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலின் தழும்பு, இப்போது ஒன்றுமில்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. "அப்ப யாருக்குமே ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

"மத்த பதினோரு பேருக்கு இல்லன்னு யார் பார்த்தா?" என்று கேட்டார்.

அன்றைக்கே எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டார். ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு அந்த அக்காவை மறுபடி வேலைக்கு வைக்கச் சொன்னார், அதற்கும் நல்ல முகக்கவசம் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாளில் பத்து பேருக்கு எடுத்துப் பார்த்தாயிற்று, பத்தும் சுத்தம். மருந்து கொடுப்பவரின் இருமல் முடிவைக் கேட்ட நிமிடத்தில் நின்றுவிட்டது. கடைசியில் என் முறை வந்தது. பொத்தானை அழுத்த ஆள் இல்லாததால் டாக்டரம்மாவே தடுப்புக்குப் பின்னால் போனார். நான் தகட்டில் தாடையை வைத்துக்கொண்டே, எதை முதலில் அழுத்த வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பாடம் நடத்தினேன். பிறகு, மூச்சை இழுங்க, அப்படியே அடக்குங்க என்று எனக்கு நானே உத்தரவு போட்டேன். அவர் அழுத்துவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. இரண்டாம் தடவைதான் சரியாக வந்தது. வழக்கமாக இப்படியா நோயாளிகளிடம் கத்துவீர்கள், முகக்கவசத்தோடு கத்தினால் கேட்குமா என்று கேட்டார். கேட்காது, அதனால் தாடைக்கு இறக்கிவிட்டுத்தான் கத்துவேன், அவர்களும் முடிந்ததும் என் முகத்துக்கு நேரேதான் இருமுவார்கள் என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். என் படம் திரையில் வருவதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டதால் நான் பார்க்கவில்லை. நாளைக்குக் காலையில் அவர் பார்ப்பார். பத்து பேருக்கு இல்லாதது எனக்கு மட்டும் எங்கிருந்து வரப்போகிறது, அது வெறும் சம்பிரதாயம்தான்.

விளக்கம் கேட்டுப் பெரிய டாக்டரிடமிருந்து ஒரு மெமோ வந்திருக்கிறது. அதற்கு இந்தக் கடிதத்தின் முதல் பாதியையே நகல் எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன், நகல் எடுப்பதில்தான் எனக்கு நல்ல பெயர் போய்விட்டதே என்று தயக்கமாகவும் இருக்கிறது. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் உங்கள் மகளிடம் நான் சொன்னது பொய்யில்லை என்று எடுத்துச் சொல்லி, இருவரையும் அனுப்பி வையுங்கள். பள்ளிக்கூடம் வேறு திறந்துவிட்டது. அத்தைக்கு என் நமஸ்காரம். குட்டிக்கு என் முத்தம். உங்கள் ஆசியை வேண்டி நிற்கும்,

உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தேன் மாமா. டாக்டரம்மா என் படத்தைத் திரையில் போட்டுவிட்டு நகர்ந்து நின்றார். ஆயிரக்கணக்கில் பார்த்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சளியிலும் இருக்கிறது என்று மத்தியானம் வந்துவிட்டது. ஆறு மாதம் மாத்திரை விடாமல் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்கிறார், நானும் நம்புகிறேன். அவர்களை இப்போது அனுப்ப வேண்டாம், எப்போது வரலாம் என்று அவர் சொன்னதும் எழுதுகிறேன். நாளைக்கே இருவரையும் அங்கே உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், குட்டியை முதலில் காட்டுங்கள். படம் எடுக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே நின்று, அது இவர்களுடைய படம்தானா என்று பெயரையும் ஆளையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். அங்கே இருப்பவரும் என்னைப் போல எல்லோருக்கும் உதவுகிற ஆளாக இருந்துவிடப் போகிறார்.