கொர்ஸிக்கு அடியில் ஒரு தேச விரோதி

அந்நிய நாடுகள் எங்கள் நாட்டின் மேல் போட்டிருக்கும் பொருளாதாரத் தடையை நான் ஒண்டியாகவே உடைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். கிரிப்டோ நாணயத்துக்கு வங்கியும் இல்லை, எல்லையும் இல்லை. இரவு பகலாகக் கணக்குப் போட்டு அதைச் சம்பாதித்துத் தரும் இயந்திரம் ஒன்றை வாங்கி ஹமதான் நகரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்றைக்கே டிவியில் ஒருவர் முழங்கினார். அனுமதி இல்லாமல் இதை ஓட்டி, மின்சாரத்தை உறிஞ்சி ஊரை இருட்டாக்குகிறவர்கள் தேசப் பாதுகாப்புக்கே எதிரிகளாம். ஜெயிலாம். அனுமதி வாங்கினவன் தேசபக்தன், வாங்காதவன் துரோகி. இயந்திரம் என்னவோ ஒன்றுதான். போதாக்குறைக்கு, இந்த எதிரிகளைப் பிடிப்பதுதான் மின்சார இலாகாவில் என் மச்சான் குத்ரத்தின் உத்தியோகம்.

குளிர்காலம் கைகொடுத்தது. குடும்பமே கால் நீட்டிக் குளிர்காயும் கொர்ஸி மேஜைக்கு அடியில், கணப்பு இருக்கவேண்டிய இடத்தில் அதை வைத்துப் போர்வையை மூடினேன். அது கக்கிய சூடு இருக்கிறதே!

"என்னங்க, ங்ஙொய்னு கத்துதே, என்ன அது?" என்றாள் மனைவி மஹ்லகா.

"புது மாடல் கணப்பும்மா. உன் கால் குளிரக் கூடாதுன்னு வாங்கினேன்."

"கணப்புக்கு எதுக்கு இன்டர்நெட் ஒயரு?"

"அது... வெளியில குளிர் எவ்வளவுன்னு கேட்டுக்கும்."

"யார்கிட்ட?"

"வானிலைக்காரங்ககிட்ட."

"அடேயப்பா, எவ்ளோ விவரமா வாங்கியிருக்கீங்க!" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மஹ்லகா தன் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டாள். குத்ரத் ஆப்கூஷ்த் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டுக் கொர்ஸிக்குள் காலை நீட்டினார். "ஆகா, என்ன சூடு மாப்ளே! இப்படி ஒரு கணப்பை நான் பார்த்ததே இல்ல."

எங்கள் ஊரில் விருந்தாளி எதைப் புகழ்ந்தாலும், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியாக வேண்டும். அவரும் மறுத்தாக வேண்டும். அதுதான் மரியாதை. பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"உங்களைவிட அது பெருசா மச்சான்? எடுத்துட்டுப் போங்க!"

"ஐயோ, வேணாம் மாப்ளே."

"என் உசுரு மேல ஆணை, எடுத்துட்டுத்தான் போகணும்!"

"சேச்சே, வேணவே வேணாம்."

மறுபடியும் சொன்னேன். இந்த முறையும் மறுப்பார் என்கிற தைரியம்தான். மஹ்லகா குறுக்கே வந்தாள்.

"அண்ணே, உசுரு மேல ஆணை போட்டுட்டாரு. இனியும் வேணாம்னா அவரை அவமானப்படுத்துற மாதிரி."

பழைய கம்பளியில் சுற்றி அவளே அவர் காரில் ஏற்றி அனுப்பிவிட்டாள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

"அடியே, அது கணப்பே இல்லடி!"

"கரண்ட் மீட்டர் ஓடின ஓட்டத்தைப் பாத்தா தெரியாதா? அடுத்த வாரம் நம்ம தெருவுல சோதனையாம். அண்ணனும் நானும் பேசிவெச்சுத்தான் செஞ்சோம். உங்களைக் கம்பிக்குள்ள பாக்க எனக்குத் தெம்பில்லீங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். இப்படி ஒருத்தி கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ.

"போகட்டும் விடு. மச்சான் அதை உடைச்சுப் போட்டுடுவாரா?"

"எதுக்கு உடைக்கணும்? சோதனைக்கு யாருமே போகாத வீடு அவர் வீடுதானே? அங்கேயே ஓடட்டும். வர்ற நாணயத்துல அவருக்குப் பாதி, எனக்குப் பாதி."

"அப்போ எனக்கு?"

பரணிலிருந்து பழைய மண்ணெண்ணெய்க் கணப்பை இறக்கிக் கொர்ஸிக்கு அடியில் தள்ளினாள். போர்வையை இழுத்து என் காலை அன்பாக மூடினாள்.

"உங்க கால் குளிரக் கூடாதுங்க."