ஜாத்மிகா அண்ணன் டிரம்ஸ் அடிச்சது பத்தி உள்ளது உள்ளபடி

காருட் நகரில் வாழும் மதிப்பிற்குரிய கோகோம் சித்தி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பாண்டுங்கில் நாங்கள் அனைவரும் இறைவன் கருணையால் நலம். அங்கே நீங்கள், சித்தப்பா, பதினாறு வாத்துகள் எல்லோரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

நிற்க. "என் மகன் உருப்படியா அடிக்கிறானான்னு போய்ப் பாத்து எழுது. நல்லா அடிச்சான்னா அவன் இஷ்டப்படி விட்டுடறேன், இல்லைன்னா ஒண்ணாந்தேதி பேங்க் வேலைல சேரணும். ஃபோன்ல சொல்லாத, நீ கத்துவ"ன்னீங்கல்ல? இதோ, கத்தாம எழுதறேன். சித்தி!!! அண்ணன் வேற லெவல்!!!

முதல்ல இருந்து சொல்றேன். ஞாயித்துக்கிழமை காலைல டாகோ ரோட்ல வண்டி விட மாட்டாங்கல்ல, நான், என் கூட்டாளிங்க தாரி, உச்சுப் மூணு பேரும் நடு ரோட்ல ராஜா மாதிரி நடந்தோம். அப்படியே பிராகா தெரு வரைக்கும் நடை. தாரி போட்டு வந்த புது செருப்பு கடிச்சதுல, உச்சுப் செருப்ப வாங்கி மாட்டிக்கிட்டா. அவன் வெறுங்கால்ல வந்தான், அதுவும் பெருமையா. அங்க ஒரு ஹால்லதான் அண்ணன் கச்சேரி, நாலு மணிக்குன்னு போஸ்டர்ல போட்டிருந்துச்சு. நாலுன்னா ஆறுன்னு பொறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால அஞ்சு மணிக்கும் நாங்க பொரிச்ச மீன் பத்தாகோர் கடைல நிம்மதியா உக்காந்து வேர்க்கடலை சாஸ ஊத்திக்கிட்டு இருந்தோம்.

"எதுக்கும் போயிரலாமாடி?"ன்னு தாரி கேட்டா.

"இப்பப் போனா நம்மளையே நாற்காலி தூக்கச் சொல்லுவாங்க. அண்ணே, இன்னொரு தட்டு!"ன்னான் உச்சுப்.

கடைக்கார அண்ணன் சிரிச்சாரு. "என்னம்மா, அந்த ஹால் கச்சேரியா? அது எப்பவோ ஆரம்பிச்சிருச்சே. மக்ரிப் தொழுகைக்கு முன்னாடி ஹாலைக் காலி பண்ணணுமாம்."

சித்தி, பாண்டுங் வரலாற்றுலயே சொன்ன நேரத்துக்கு ஒரு கச்சேரி! ஓடினோம். உச்சுப் கால்ல கல்லு குத்தி ஒவ்வொரு அடிக்கும் "அம்மா"ங்கறான். உள்ள நுழைஞ்சா எள்ளு போட இடமில்ல. எங்களுக்குக் கெடச்சது தூணுக்குப் பின்னாடி. பாடறவர் கை மட்டும் தெரிஞ்சுது. டிரம்ஸ மறைச்சு பீரோ சைஸ்ல ஸ்பீக்கர். ஆனா கண்ணு எதுக்கு சித்தி, காது இருக்கே! கடைசிப் பாட்டுல ஒரு அடி அடிச்சாரு பாருங்க, தின்ன பத்தாகோர் வயித்துக்குள்ள எழுந்து நின்னு ஆடிச்சு. முன்னாடி நின்ன மீசைக்கார மாமா அழுதாரு. "யாருடா இந்த மனுஷன்?"னாரு. "எங்கண்ணன்!"னு நான் கத்தின கத்துல தொண்டை போச்சு.

முடிஞ்சதும் எல்லாரையும் வெளிய தள்ளிட்டாங்க, அண்ணனப் பாக்க முடியல. அதனால என்ன? என் தீர்ப்பு இதுதான்: அந்தக் கை பேங்க்ல நோட்டு எண்ணப் பொறந்த கை இல்ல. அப்படி எண்ண விட்டீங்கன்னா கலைக்கே துரோகம். இது சத்தியம்.

சித்தப்பாவுக்கு என் சலாம். உங்கள் ஆயுளும் உங்கள் மிளகாய்த் துவையலின் காரமும் குறையாதிருக்க இறைவன் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மகள் முறையான
ரெங்கனிஸ்

பி.கு: உறைய ஒட்டப் போறப்ப அண்ணன் ஃபோன் பண்ணாரு. அவரும் நாலுன்னா ஆறுன்னு நெனச்சு ரெண்டு சந்து தள்ளி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாராம். அவர் போய்ச் சேர்றதுக்குள்ள ஹாலைப் பெருக்கிட்டாங்களாம். அன்னிக்கு அடிச்சது கிட்டார்காரரோட மச்சான், சும்மா வேடிக்கை பாக்க வந்தவரு. பதினோரு வருஷமா பேங்க்ல கேஷியராம். அவர்கிட்ட அண்ணன் வாரம் ரெண்டு நாள் டிரம்ஸ் கத்துக்கப் போறாராம். அதுவும் பேங்க் விட்டப்புறம், சாயங்காலம். ஒண்ணாந்தேதிக்கு வெள்ளைச் சட்டை ரெண்டு தேச்சு அனுப்பச் சொன்னாரு.