தாய்மாமனுக்காக விட்ட ரயில்

ஒரு காட்டில் ஓர் ஆமை இருந்தது. இருந்தது என்றால், பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. பெயர் தெய்வசிகாமணி. அந்தப் பெயரை முழுதாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் கூப்பிட்டவர் அலுத்துப்போய்க் கிளம்பிவிடுவார். அந்த ஆமை நான்தான். இந்தக் கதையில் எல்லாரும் நல்லவர்கள், என்னைத் தவிர. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது காட்டின் கீழ்க்கோடியில், அல்லிக்குளத்தில். என் ஒரே தங்கை பூங்கோதை வாழ்க்கைப்பட்டது மேல்கோடியில், கரும்பாறையில். இடையில் பதினோரு நாள் நடை. மான் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடும். நான் சொல்வது ஆமை நடை.

பூங்கோதைக்கு மூன்று பிள்ளைகள். எங்கள் இனத்தில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எங்களுக்குத்தான் காது வெளியே தெரியாதே, எங்கே குத்துவீர்கள் என்று கேட்காதீர்கள். அது குடும்ப விஷயம்.

மூத்தவன் காதுகுத்துக்குக் கிளியிடம் சொல்லி அனுப்பினார்கள். கிளி பறந்து வந்து ஒரே நாளில் சேதி சொல்லிவிட்டது. உடனே கிளம்பியிருந்தால் இரண்டு நாள் தாமதத்தோடாவது போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு தாய்மாமனைக் கிளி மூலமாவா கூப்பிடுவாங்க? மாப்பிள்ளை நடந்து வந்து, என் வீட்டு வாசல்ல வெத்தலை பாக்கு வச்சு அழைச்சாத்தான் வருவேன்னு போய்ச் சொல்லு" என்றேன்.

போகவில்லை. நான்கு வருஷம் பேச்சுவார்த்தையும் இல்லை.

இரண்டாமவன் முறை வந்தபோது மாப்பிள்ளை வேலப்பன் நடந்தே வந்தார். அவரும் ஆமை. எங்கள் காட்டில் ஆந்தைதான் நாள் குறிக்கும். பத்து நாளைக்கு மேல் தள்ளி அது நாள் குறிக்காது. தள்ளிப்போனால் தட்சணை மறந்துபோகும் என்பது அதன் அனுபவம். ஆகவே நாள் குறித்த அன்றே கிளம்பிய மாப்பிள்ளை பதினோராம் நாள் என் வாசலில் வெற்றிலை பாக்கு வைத்தார். விசேஷம் முந்தின நாளே முடிந்திருந்தது. நான் முறையாகக் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு நாள் தாமதம். என்னுடைய இடத்தில் ஒரு கல்லை வைத்து, அதற்குச் சந்தனம் தடவி, பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்துக் காது குத்தியிருந்தார்கள்.

"அண்ணே, இன்னும் ஒருத்திதான் பாக்கி. செவ்வந்தி" என்றாள் பூங்கோதை. "இதுக்கும் நீங்க வரலைன்னா, அவ அந்தக் கல்லைத்தான் மாமான்னு கூப்பிடுவா."

அந்தப் பேச்சு என் ஓட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. செவ்வந்தி காதுகுத்துக்கு எப்படியாவது நேரத்துக்குப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சிங்கராஜா பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டு வந்தார். போன இடத்தில் இலகு ரயில் என்று ஒன்றைப் பார்த்திருக்கிறார். வந்ததிலிருந்து அவருக்கு வேட்டையிலும் மனம் ஓடவில்லை.

"அவங்க கிட்ட இருக்கு. நம்மகிட்ட ஏன் இல்லை?" என்றார்.

அதற்கு யாரிடமும் பதில் இல்லாததால் செலவுக்குத் தகுந்த பயன் உண்டா என்று ஆராய நரி சதாசிவத்தை நியமித்தார்கள். நரி ஒரு கட்டுப் படிவங்களோடு காடு முழுக்கச் சுற்றியது. படிவத்தில் ஒரே கேள்விதான் முக்கியம்: ரயில் வந்தால் உங்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

மான், "ரயிலை நான் முந்திடுவேனே" என்றது. குரங்கு, "மரம் இருக்கறப்ப ரயில் எதுக்கு?" என்றது. பறவைகள் படிவத்தையே வாங்கவில்லை. யானை மட்டும் ஆசைப்பட்டது. ஆனால் இலகு ரயிலில் யானை ஏறினால் அப்புறம் அது ரயிலாக இருக்காது என்று நரியே எழுதிக்கொண்டது. கடைசியில், தொங்கிய முகத்தோடு என் குளக்கரைக்கு வந்தது.

"ஐயா, கரும்பாறைக்குப் போக உங்களுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"பதினோரு நாள்."

நரியின் காது நிமிர்ந்தது. "ரயில்ல இருபது நிமிஷங்க ஐயா! உங்களுக்கு வயசு?"

"எழுபத்தெட்டு."

"உங்க வம்சத்துல எத்தனை வருஷம் இருப்பாங்க?"

"எங்க தாத்தா இருநூத்தி நாலு."

"அடடா, அடடா! வருஷத்துக்கு எத்தனை தடவை கரும்பாறைக்குப் போவீங்க?"

உண்மையைச் சொன்னால், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. ஆனால் எழுபத்தெட்டு வருஷத்தில் என்னை யாரும் இத்தனை முறை ஐயா என்று அழைத்ததில்லை. நரி பேனாவை வைத்துக்கொண்டு அவ்வளவு ஆசையாகக் காத்திருந்தது. மனசு கேட்கவில்லை.

"தினமும்" என்றேன்.

ஊர்க்கூட்டத்தில் நரி தன் அறிக்கையை வாசித்தது. ரயிலுக்கு ஆகும் செலவு, காட்டின் மாம்பழமும் பலாப்பழமும் மூன்று வருஷத்துக்கு. அத்தனையும் தண்டவாளம் போடும் வெளியூர்க் கம்பெனிக்குப் போய்விடும். கிடைக்கும் பயன், தினமும் பதினோரு நாள் மிச்சம், நூற்று இருபத்தாறு வருஷத்துக்கு. பயன் செலவைவிட மலையளவு அதிகம்.

தினமும் பதினோரு நாளை எப்படி மிச்சம் பிடிப்பது என்று யாரும் கேட்கவில்லை. குரங்கு மட்டும் எழுந்தது.

"எனக்கு ஒண்ணு புரியலை. இந்த மலையளவு பயன் எத்தனை பேருக்கு?"

"ஒருத்தருக்கு" என்றது நரி. "தெய்வசிகாமணி ஐயாவுக்கு."

கூட்டம் கொதித்துவிட்டது. மூன்று வருஷம் மாம்பழம் இல்லாமல் இருப்பது இந்த ஓட்டுக்காரனுக்காகவா என்று குரங்கு கத்தியது. எனக்கு வழக்கம்போலத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் செவ்வந்தி ஞாபகம் வந்தது. எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கல், சந்தனம், தங்கையின் பேச்சு எல்லாவற்றையும் சொன்னேன். கிளியிடம் சொல்லியனுப்பிய வீம்புப் பேச்சை மட்டும் விட்டுவிட்டேன். கதையின் ஓட்டத்துக்கு அது தேவைப்படவில்லை.

முதலில் அழுதது கரடி. "தாய்மாமன் மடி இல்லாம காதுகுத்தா? கல்லு மேலயா?" என்று மூக்கைச் சிந்தியது. அடுத்து யானை. அப்புறம் ஒவ்வொருவருக்கும் தத்தம் தாய்மாமன் ஞாபகம் வந்துவிட்டது. குரங்கு நெடுநேரம் தாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க மாமா எனக்கு முதல் கிளையைக் காட்டினவரு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ரயில் வேலை மூன்று வருஷம் நடந்தது. மூன்று கோடையும் மாம்பழ வாசனை மட்டும் காட்டில் இருந்தது. பழம் வண்டியேறிப் போனது. குரங்கு இளைத்துப்போனது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாமா, நல்லா இருக்கீங்களா? உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று விசாரிக்கும். அக்கறைதான். நான் செத்துப்போனால் அதன் மாம்பழம் வீணாகிவிடும் அல்லவா?

நல்லவேளையாக, செவ்வந்திக்கு அவசரம் இல்லை. ஆமைக் குழந்தைக்குக் காது குத்த முப்பது வயது வரைக்கும் அவகாசம் உண்டு. ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் பூங்கோதை ஆந்தையிடம் போனாள். ஆந்தை வழக்கம்போல் பத்தாம் நாள் முகூர்த்தம் குறித்தது.

மறுநாள் கிளி வந்தது. பழைய அனுபவம் இருந்ததால் நான்கடி தள்ளியே உட்கார்ந்தது.

"நான் அழைக்க வரலைங்க. சும்மா சேதி சொல்றேன். இன்னும் ஒன்பது நாள்ல செவ்வந்திக்குக் காதுகுத்து."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளை எப்படியும் ரயிலில் வந்துவிடுவார் என்று ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அல்லிக்குளம் ஸ்டேஷன் என் வீட்டு வாசலில்தான். கரும்பாறை ஸ்டேஷன் பூங்கோதை வீட்டு வாசலில். படிவத்தைப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள். அரை மணிக்கு ஒரு ரயில் வந்தது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கதவு மூடியது. ஒன்பது நாளும் அப்படியே.

விசேஷத்தன்று காலையில் காடே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. கரடி மாலை கட்டிக்கொண்டு வந்தது. யானை நடைமேடையைத் தண்ணீர் தெளித்துக் கழுவியது. ரயில் வந்து நின்றது. டிரைவர் கீரி எட்டிப்பார்த்து, "ஏறுங்க ஐயா, இருபது நிமிஷம்" என்றது.

நான் அசையவில்லை.

"என்ன மாமா?" என்றது குரங்கு.

"அழைப்பு வரலையே."

"என்னது?"

"மாப்பிள்ளை இன்னும் வந்து அழைக்கலை. அழைக்காத வீட்டுக்குத் தாய்மாமன் எப்படிப் போறது? சம்பந்திவீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

கிளிதான் மெதுவாகச் சொன்னது.

"மாப்பிள்ளை வந்துகிட்டுத்தாங்க இருக்காரு. தாம்பாளத்தோட நடந்து வர்றாரு. இப்ப மூங்கில் வளைவுகிட்ட இருக்காரு."

"நடந்தா? ரயில் இருக்கறப்பவா?" என்று கரடி அலறியது.

"நானும் தினம் மணி அடிச்சு ஏறச் சொல்றேன். மாட்டேங்கறாரு" என்றது கீரி. "நடந்து வந்து அழைக்கணும்னு மச்சான் சொல்லியிருக்காராம். வண்டியில வந்தா நாளைக்குச் சொல்லிக் காட்டுவாராம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கால்களைப் பார்த்தேன்.

"சரி, போனது போகட்டும்" என்று குரங்கு கையைக் கூப்பியது. "மூங்கில் வளைவுல ஒரு ஸ்டாப் இருக்கு. அங்க இறங்கி வெத்தலை பாக்கை வாங்கிக்கிட்டு, அப்படியே ரெண்டு பேரும் ஏறிப் போயிடுங்க. ரயில் நிக்கும். நான் கட்டிப் பிடிச்சு நிறுத்தறேன்."

"வழியில நின்னு வாங்கறது அழைப்பா? வாசல்ல வச்சுத் தரணும்."

"மூணு வருஷம்யா! மூணு வருஷம் நான் பலா இலை தின்னேன். ஏறுய்யா!"

அது அழுதுகொண்டே கத்தியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அழுகை வந்தது. செவ்வந்தியின் முகம் கண்ணில் நின்றது. முன்னங்காலைத் தூக்கி ரயிலுக்குள் வைத்தேன். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஒரே ஒரு நொடி. 'கூப்பிடாமலே வந்துட்டாரு பாரு' என்று கரும்பாறையில் யாரோ சொல்வது காதில் விழுந்த மாதிரி இருந்தது. காலை இழுத்துக்கொண்டேன். ஆமைக்கு வேகமாக வருவது அது ஒன்றுதான், வைத்த காலை உள்ளே இழுப்பது.

கதவு மூடியது. ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போனது.

மறுநாள் வேலப்பன் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்க, தாம்பாளத்தை என் வாசலில் வைத்து, "மச்சான், செவ்வந்திக்குக் காதுகுத்து. நேத்து. நீங்க கண்டிப்பா வந்து நடத்தித் தரணும்" என்றார். நான் முறைப்படி வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "அவசியம் வர்றேன் மாப்பிள்ளை" என்றேன்.

இருவரும் ரயிலில் ஏறினோம். இருபது நிமிஷம். அவ்வளவு சீக்கிரமாக ஓர் இடத்துக்கு நான் தாமதமாகப் போனதே இல்லை.

பூங்கோதை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நேத்து ஒவ்வொரு ரயில் வர்றப்பவும் செவ்வந்தி ஸ்டேஷனுக்கு ஓடிப் போய் நின்னா அண்ணே" என்றாள். "கதவு திறக்கும். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. முகூர்த்தம் முடியற வரைக்கும் மூணு ரயில் பார்த்தா. அப்புறம் அவளே போய்க் கல்லு மேல உக்காந்துக்கிட்டா."

கல் மூலையில் இருந்தது. புதுச் சந்தனம், புது வேட்டி. எனக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதுதான் மாமன் மாதிரி இருந்தது. செவ்வந்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

ஆறு மாதம் கழித்து நரி மறுபடி படிவத்தோடு வந்தது. ரயிலால் பயன் உண்டா என்று பார்க்க வேண்டுமாம்.

"முன்னெல்லாம் விசேஷத்துக்கு எத்தனை நாள் தாமதமா போவீங்க ஐயா?"

"பன்னிரண்டு நாள்."

"இப்போ?"

"ஒரு நாள்."

"பதினோரு நாள் மிச்சம்! நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்று நரி துள்ளிக் குதித்தது. திட்டம் மகத்தான வெற்றி என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கியது. பிள்ளை எத்தனை ரயிலை எதிர்பார்த்து நின்றாள் என்று எழுத அதில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் நான் எழுதியிருக்க மாட்டேன்.

இப்போதெல்லாம் நான் தினமும் ஸ்டேஷனில்தான் உட்கார்ந்திருக்கிறேன். படிவத்தில் தினமும் என்று சொன்னேன் அல்லவா? ரயில் வருகிறது, கதவு திறக்கிறது. கீரி, "போய்ப் பிள்ளையைப் பார்த்துட்டு வாங்களேன் ஐயா" என்கிறது. பார்க்க வேண்டும்போலத்தான் இருக்கிறது.

யாராவது வந்து முறையாக அழைக்கட்டும்.

நீதி: எவ்வளவு செலவானாலும் ரயில் விடத் தயங்காதீர்கள். வீம்பு பிடித்தவன் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க, நடைமேடையைப்போல நிழலான இடம் காட்டில் வேறு கிடையாது.